விஸ்கான்சின் புல்வெளிகளில் தீ வைக்கும் குழுவில் ஒரு வசந்தகாலம்

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தின் தென்பகுதியில், நிலப் பாதுகாப்புக்காக இயங்கும் சிறிய அமைப்பொன்றில் பருவகாலப் பணியாளராகச் சேர்ந்து, புல்வெளிகளுக்குத் திட்டமிட்டுத் தீ வைக்கும் குழுவில் வேலை பார்த்தேன். பயிற்சியில் தொடங்கிக் கடைசித் தணலை அணைப்பது வரை அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை, இதே துறைக்கு வர நினைக்கும் தமிழ் இளைஞர்களுக்காக எழுதுகிறேன். தீயின் அருகில் நிற்கும் நேரம் இந்த வேலையில் மிகக் குறைவு. தீ வைக்கலாமா கூடாதா என்று முடிவெடுப்பதற்கும், வைத்த தீ முழுமையாக அணைந்துவிட்டதா என்று பார்ப்பதற்கும்தான் பெரும்பகுதி உழைப்பு செலவாகிறது.

எதற்காக எரிக்க வேண்டும் என்ற கேள்வியை ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய எல்லோருமே கேட்டார்கள். இப்பகுதியின், உயரமான புல் வளரும் புல்வெளிகள் தீயோடு பழகியே உருவானவை; ஹோ-சங்க் உள்ளிட்ட பூர்வகுடி மக்கள் பல நூற்றாண்டுகளாக அவற்றை எரித்துப் பேணி வந்தார்கள். குடியேறிகள் வந்தபின் பெரும்பாலான நிலம் உழவுக்குப் போயிற்று, மீதியில் தீ நிறுத்தப்பட்டது. பக்கத்து மாநிலமான இல்லினாயில் ஒருகாலத்தில் 2 கோடியே 20 லட்சம் ஏக்கர் பரப்பில் இருந்த புல்வெளியில், தரம் கெடாமல் எஞ்சியிருப்பது ஏறத்தாழ 2,300 ஏக்கர்தான். தீ இல்லாத இடத்தில் பக்தார்ன், ஹனிசக்கிள் போன்ற அயல்நாட்டுப் புதர்கள் நுழைந்து நிழல் பரப்பிவிடுகின்றன. பிக் புளூஸ்டெம் போன்ற நாட்டுப் புற்களுக்கு வசந்தகாலத் தொடக்கத்தில் குருத்து மண்ணுக்குள்ளேயே இருப்பதால், மேலே காய்ந்து கிடக்கும் தாள் எரிந்து போவது அவற்றுக்கு நட்டமில்லை; கருகிய மண் வெயிலில் விரைவாகச் சூடேறுவதால் அவை முந்திக்கொண்டு முளைக்கவும் செய்கின்றன. மேடிசன் நகரிலுள்ள பல்கலைக்கழகத்தின் ஆர்போரேட்டம் என்ற ஆய்வுத் தாவரத் தோட்டத்தில் 1930களில் புல்வெளியை மீட்டுருவாக்கத் தொடங்கியவர்களுக்கே தீயின் தேவை முதலில் தெளிவாகப் புலப்படவில்லை. 1940களில் ஜான் கர்டிஸ், மேக்ஸ் பார்ட்ச் ஆகிய தாவரவியலாளர்கள் செய்த எரிப்புச் சோதனைகள்தான் அதை நிறுவின.

பயிற்சியில் அடிப்படையானவை எஸ்-130, எஸ்-190 என்ற இரு பாடங்கள். முன்னது கருவிகளையும் பாதுகாப்பையும் பற்றியது. பின்னது காற்று, நிலத்தின் சாய்வு, எரியும் புல்பூண்டின் ஈரம் ஆகியவற்றுக்கேற்பத் தீ எப்படி நடந்துகொள்ளும் என்பதைச் சொல்வது. வகுப்புப் பாடங்களைக் கணினியிலேயே முடிக்கலாம் என்றாலும், களப்பயிற்சிக்கு நேரில் போயே ஆக வேண்டும். அங்கேதான் தீ தாண்டாதபடி புல்லை நீக்கிக் கையால் கோடு வெட்டவும், அலுமினியத் தாள் போர்த்த அவசரக் கூடாரத்தை நொடிகளுக்குள் விரித்து அதற்குள் குப்புறப் படுக்கவும் பழக்குகிறார்கள். உடல்தகுதித் தேர்வின் கடினமான பிரிவில், 45 பவுண்டு, அதாவது சுமார் 20 கிலோ எடையைச் சுமந்துகொண்டு, 3 மைல் தூரத்தை 45 நிமிடங்களுக்குள் நடந்து கடக்க வேண்டும், ஓடுவதற்கு அனுமதியில்லை. ஓடக் கூடாது என்பதுதான் இதில் சிரமம் என்று சொன்னால் நடந்து பார்த்தவர்களுக்கு மட்டுமே புரியும்.

ஒவ்வொரு நிலத்துண்டுக்கும் எழுத்தில் ஓர் எரிப்புத் திட்டம் உண்டு. எந்தத் திசைக் காற்றில் எரிக்கலாம், வேகம் எவ்வளவு வரை போகலாம், காற்றின் ஈரப்பதம் எந்த அளவுக்குக் கீழே இறங்கினால் நிறுத்த வேண்டும், புகை எந்தச் சாலையையும் எந்த வீடுகளையும் நோக்கிப் போகும், தீ எல்லை தாண்டினால் யார் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதில் இருக்கும். இவற்றில் ஒன்று பொருந்தாவிட்டாலும் அன்றைக்குத் தீ இல்லை. வசந்தத்தில், பனி உருகியதற்கும் புது இலை துளிர்ப்பதற்கும் இடைப்பட்ட சில வாரங்களே எரிப்புக்கான காலம். அந்த வாரங்களில்தான் இம்மாநிலத்தில் காட்டுத்தீயும் மிகுதி என்பதால், அரசுத் துறை அனுமதியை நிறுத்திவைக்கும் நாட்களும் உண்டு. காலையில் சீருடையணிந்து, நெருப்பைச் சொட்டவிடும் டார்ச் என்ற கைக்கருவிகளில் டீசலும் பெட்ரோலும் கலந்து நிரப்பி, தண்ணீர்த் தொட்டிகளை வண்டியிலேற்றிவிட்டு, மதியம் காற்று திசை மாறியதால் எல்லாவற்றையும் இறக்கிவைத்த நாட்களில், சம்பளம் வந்தாலும் ஏமாற்றமாகவே இருக்கும். ஆனால் அப்படி ரத்து செய்யத் தயங்காத தலைவரின் கீழ் வேலை செய்வதே பாதுகாப்பு என்பது என் கருத்து. தலைவரை இங்கே பர்ன் பாஸ் என்பார்கள்.

எல்லாம் பொருந்தி வந்த நாளில், முதலில் வரைபடத்தைச் சுற்றி நின்று பேசுவோம். கண்காணிப்பவர் யார், வானொலியில் எந்த அலைவரிசை, தப்பிக்கும் வழி எது, தீ எட்டாத இடம் எங்கே என்ற நான்கையும் ஒவ்வொருவரும் தம் வாயால் சொல்ல வேண்டும். தீயணைப்பு நிலையத்துக்கும் ஷெரிப் அலுவலகத்துக்கும் தகவல் போகும். சாலையோரத்தில் புகை எச்சரிக்கைப் பலகை நிற்கும். பிறகு, காற்று போய்ச் சேரும் பக்கத்து மூலையில் சிறிதளவு மட்டும் கொளுத்திப் பார்ப்போம். அந்தச் சோதனைத் தீ எப்படி நகர்கிறது, புகை எழும்புகிறதா அல்லது தரையோடு படிகிறதா என்று பார்த்தபின்தான் மேற்கொண்டு போகலாமா என்பது முடிவாகும்.

அந்த மூலையிலிருந்து குழு இரண்டாகப் பிரிந்து, நிலத்தின் இரு ஓரங்களிலும் எதிரெதிராக நகரும். டார்ச் பிடித்தவர் உள்பக்கமாக நெருப்பைச் சொட்டிக்கொண்டே நடக்க, முதுகில் தண்ணீர் பம்பு சுமந்தவரும், ரப்பர்த் தட்டை பொருத்திய நீண்ட கழியோடு வருபவரும் வெட்டிய கோட்டைத் தாண்டும் பொறியை அடித்து அணைத்தபடி பின்தொடர்வார்கள். காற்றை எதிர்த்து எரியும் தீ முழங்கால் உயரத்துக்குக் கூட எழாமல், சலிப்பூட்டும் அளவுக்கு மெதுவாகத்தான் நகரும்; ஆனால் அந்த மெதுவான தீதான் ஓரம் முழுவதும் கருகிய பட்டை ஒன்றை உண்டாக்கித் தருகிறது. அது போதிய அகலம் ஆகும்வரை எவ்வளவு நேரமானாலும் காத்திருந்துவிட்டு, பிறகு பக்கவாட்டு ஓரங்களையும், கடைசியாகக் காற்று வரும் பக்கத்தையும் கொளுத்துவோம். அப்போது எழும் தீ ஆள் உயரத்தை மிஞ்சி, காற்றோடு சேர்ந்து சடசடவென்று பாய்ந்து வந்து, கருகிய பட்டையைத் தொட்டதும் எரிக்க ஏதுமில்லாமல் நின்றுவிடும். பார்ப்பவர்கள் படமெடுக்கும் பகுதி இதுதான்; பெரும்பாலும் சில நிமிடங்களே நீடிக்கும். தண்ணீர் பம்பைச் சுமந்து கோட்டில் நின்ற எனக்குப் பெரும்பாலும் புகைதான் கிடைத்தது. அதற்கென்று முகக்கவசம் எதுவும் இல்லை. கழுத்துத் துணியை மேலே இழுத்துக்கொண்டு, முடிந்தபோதெல்லாம் காற்று வரும் பக்கமாக ஒதுங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

அதன்பின் தொடங்கும் அணைப்பு வேலையை யாரும் விரும்புவதில்லை. கோட்டுக்கு அருகில் கிடக்கும் மரத்துண்டு, பட்டுப்போன ஓக் மரத்தின் பொந்து, விலங்குகளின் சாணம் என்று புகையும் எதையும் விடாமல் உடைத்து, கிளறி, தண்ணீர் ஊற்றி, மறுபடியும் கிளற வேண்டும். கையுறையைக் கழற்றிப் புறங்கையைச் சாம்பலுக்கு அருகில் கொண்டுபோய்ச் சூடு பார்ப்போம். உள்ளங்கையை வைக்கக் கூடாது என்பது பயிற்சியிலேயே சொல்லித் தரப்படும். மறுநாள் காற்று எழுந்தால் ஒரே ஒரு பொந்து போதும், பக்கத்து நிலம் பற்றிக்கொள்ள.

இந்தப் பகுதியில் புல்தீயைப் பற்றிப் பேசும்போது சூழலியலாளரும் எழுத்தாளருமான ஆல்டோ லியோபோல்டின் பெயர் வராமல் போவதில்லை. மேலே சொன்ன ஆர்போரேட்டத்தின் உருவாக்கத்தில் பங்காற்றிய அவர், 1948 ஏப்ரல் 21 அன்று, விஸ்கான்சின் ஆற்றோரத்திலிருந்த தம் பண்ணைக்குப் பக்கத்து நிலத்தில் பரவிய புல்தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பால் இறந்தார். எங்கள் குழுவில் வயதைப் பாராமல் உடல்நிலையை வெளிப்படையாகச் சொல்லச் சொன்னதும், மயக்கமாக இருந்தால் உடனே கோட்டை விட்டு வெளியேற வேண்டும் என்று வற்புறுத்தியதும் எனக்கு மிகையாகத் தோன்றவில்லை.

ஒரு நிலத்தை ஒரே ஆண்டில் முழுவதும் எரிப்பதில்லை. மத்திய விஸ்கான்சினின் மணற்பாங்கான நிலங்களில் வாழும் கார்னர் புளூ என்ற அருகிவரும் நீல வண்ணத்துப்பூச்சியின் முட்டைகள் காட்டு லூப்பின் செடிகளையொட்டியே குளிர்காலத்தைக் கழிப்பதால், எரித்த இடத்தில் அவை அழிந்துவிடும். எரிக்காமல் விட்ட பக்கத்துத் துண்டிலிருந்துதான் பூச்சிகள் திரும்பி வர வேண்டும். தீயால் புல்லுக்கு நன்மை என்று பேசுவோர் இந்த இழப்பையும் சேர்த்தே பேச வேண்டும்.

சேர விரும்புவோர் பயிற்சிப் பாடங்களைக் குளிர்காலத்திலேயே முடித்துவிடுவது நல்லது. மார்ச் மாதத்தில் குழுக்களுக்குப் பாடம் நடத்த நேரமிருக்காது. எளிதில் தீப்பிடிக்காத நோமெக்ஸ் துணி உடையையும் தலைக்கவசத்தையும் பெரும்பாலான அமைப்புகளே தந்துவிடுகின்றன. கணுக்காலுக்கு மேல் வரும் தோல் பூட்ஸை மட்டும் பல இடங்களில் நாமே வாங்க வேண்டியிருக்கும். அதை உடல்தகுதித் தேர்வுக்குச் சில வாரங்கள் முன்பிருந்தே போட்டு நடந்து பழகிக்கொள்ளுங்கள்.