வெட்டாமல் விட்ட ஓரம்

போன மாதம் ஒரு தம்பி, துணிப்பையில் சுற்றிய பழைய பைபிள் ஒன்றோடு கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, இது அம்மா வாசிச்சது. ஒரு தாள்கூட போயிரக் கூடாது" என்றார். பாளையங்கோட்டையில் பைண்டிங் கடை வைத்திருப்பவனுக்கு இது அடிக்கடி வரும் வேலைதான். முதுகுத் துணி நைந்துபோய், தையல் விட்டு, ஆதியாகமமும் வெளிப்படுத்தின விசேஷமும் தனித்தனியாகக் கழன்று கையோடு வந்தன. குடும்ப பைபிள்களில் இந்த இரண்டு முனையும்தான் எப்போதும் முதலில் போகும்.

ஈரத்துணியைப் போட்டுப் பழைய பசையை ஊறவிட்டு, மெதுவாகச் சுரண்டி எடுத்து, முதல் பாரத்தை, அதாவது சேர்த்து மடித்துத் தைக்கும் தாள் கட்டை, விரித்தேன். முதல் அதிகாரத்தின் ஓரத்தில் பென்சிலில் பொடி எழுத்தாக ஒரு வரி இருந்தது: "சூரியன் நாலாம் நாள். அப்போ முதல் மூணு நாள் சாயங்காலம் எப்படி?" கடவுள் உலகத்தைப் படைத்ததைச் சொல்லும் அந்த அதிகாரத்தில் சூரியன் உண்டாவது நாலாம் நாள்தான், ஆனால் முதல் நாளிலிருந்தே சாயங்காலமும் விடியற்காலமும் வரும். கேள்விக்குக் கீழே பதில் எதுவும் இல்லை. மற்ற பக்கங்களிலெல்லாம் வசனங்களுக்கு அடியில் சிவப்பு மைக் கோடுகள், தேதிகள், பிள்ளைகளின் பரீட்சை, யாருக்கோ ஆபரேஷன். ஜெபித்து ஜெபித்து வாசித்த புத்தகம் என்று பார்த்தாலே தெரிந்தது. அதில் இந்த ஒரு கேள்வி மட்டும் அப்படியே நின்றது.

வேலையை நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். பதினோரு வயதில் ஓய்வுநாள் பள்ளியில் நான் எழுந்து கேட்டதும் இதே கேள்விதான். வகுப்பு எடுத்தவர் நல்லவர், எங்கள்மேல் பிரியமானவர். ஆனால் அன்றைக்கு முகம் மாறிப்போய், சுயபுத்தியின்மேல் சாயாதே என்கிற நீதிமொழிகள் வசனத்தைச் சொல்லி, அடுத்த வாரம் மனப்பாடமாக ஒப்பிக்கச் சொன்னார். ஒப்பித்தேன். கேள்வி வந்தால் விசுவாசம் குறைகிறது என்று அர்த்தம் என்றுதான் என் மனதில் பதிந்தது. அதற்கப்புறம் பாடகர் குழுவில் பாடினேன், வாலிபர் கூட்டத்தில் சாட்சி சொன்னேன், ஏறக்குறைய இருபது வருஷம் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததால் கேள்விகள் போய்விடவில்லை. ராத்திரி ஜெபத்தில் அவை மட்டும் தனியாக ஓர் அறையில் உட்கார்ந்திருப்பதுபோல் இருக்கும். அந்தக் கதவை நான் திறக்கவே மாட்டேன்.

முப்பது வயதுக்கு மேல், சபை மக்களுக்கென்று நடந்த ஒரு மாலைநேர இறையியல் வகுப்பில் சேர்ந்தேன். அங்கேதான் ஓரிஜனைப் பற்றிக் கேள்விப்பட்டேன். மூன்றாம் நூற்றாண்டுக் கிறிஸ்தவ அறிஞர், எகிப்தின் அலெக்சாந்திரியாக்காரர். முதல் நாளும் இரண்டாம் நாளும் மூன்றாம் நாளும் சூரியன், சந்திரன், நட்சத்திரங்கள் இல்லாமலே சாயங்காலமும் விடியற்காலமுமாயின என்று புத்தியுள்ள எவன் நினைப்பான் என்று அவர் எழுதியிருக்கிறார். வேதம் பொய் என்று காட்ட அல்ல. அந்தப் பகுதியை எழுத்துக்கு எழுத்து நடந்த சம்பவமாக வாசிக்கக் கூடாது, அதற்குள் இருக்கும் பொருளைத் தேட வேண்டும் என்று சொல்வதற்காக. இந்த மனிதர் யார்? அப்பாவை விசுவாசத்துக்காகக் கொலைக்குப் பறிகொடுத்தவர். முதிய வயதில் ரோமப் பேரரசன் தேசியஸ் காலத்துத் துன்புறுத்தலில் சிறையில் சித்திரவதைப்பட்டும் கிறிஸ்துவை மறுதலிக்காதவர். கேள்வி கேட்கிறவன் பின்வாங்கிப்போவான் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். இவர் கேட்டார், பின்வாங்கவில்லை. வகுப்பு முடிந்து சைக்கிளில் வரும்போது எனக்குக் கண் கலங்கியது.

அதே வகுப்பில்தான் அன்செல்மும் எனக்கு அறிமுகமானார். நான் செய்யும் தொழிலுக்கும் அவர் கதைக்கும் நெருக்கம் உண்டு என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 1077, 78 வாக்கில், பிரான்சின் நார்மண்டியில் பெக் என்ற மடத்தில் அவர் துறவியாக இருந்தார். கடவுள் இருக்கிறார் என்பதை வேறு எதன்மேலும் சாயாத ஒரே வாதத்தால் காட்ட முடியுமா என்று யோசிக்க ஆரம்பித்தார். அவருடைய வாழ்க்கையை எழுதிய ஈட்மர் என்ற துறவி சொல்வதைப் பார்த்தால், சாப்பாடும் தூக்கமும் போயின. ஆராதனையில்கூட மனம் நிற்கவில்லை. இது சாத்தானின் சோதனையோ என்றே பயந்திருக்கிறார். ஒரு நாள் இராத்திரி ஆராதனை நேரத்தில் சட்டென்று விளங்கியது. உடனே மெழுகுப் பலகைகளில் எழுதி, பத்திரமாக வைக்கச் சொல்லி ஒரு சகோதரரிடம் கொடுத்தார். சில நாள் கழித்துக் கேட்டால் பலகைகளைக் காணோம். மறுபடி எழுதிக் கொடுத்தார். அந்தச் சகோதரர் அவற்றைப் படுக்கையருகே பத்திரப்படுத்தினார். மறுநாள் பார்த்தால் தரையில் சிதறி, மெழுகு துண்டு துண்டாக உடைந்து கிடந்தது. துண்டுகளைப் பொறுக்கிச் சேர்த்து, எழுத்தைக் கூட்டிப் படித்து, கடைசியில் தோலில் எழுதவைத்தார்கள். கிழிந்த மடிப்புகளுக்கு மெல்லிய தாள் ஒட்டி எழுத்தைச் சேர்க்கிற எனக்கு, அந்த மெழுகுத் துண்டுகளைக் கையில் வைத்திருப்பதுபோலவே இருக்கும்.

அந்த நூலுக்கு அவர் முதலில் வைத்த பெயர், 'புரிதலைத் தேடும் விசுவாசம்'. நூல் முழுக்கக் கடவுளை நோக்கிய ஜெபம். நீர் எங்கும் இருக்கிறீர் என்றால் நான் ஏன் உம்மைக் காணவில்லை என்று ஆரம்பத்திலேயே கேட்கிறார். விசுவாசிப்பதற்காகப் புரிந்துகொள்ளத் தேடவில்லை, புரிந்துகொள்வதற்காகவே விசுவாசிக்கிறேன் என்கிறார். இதன் வேர் ஏசாயா 7:9-இன் பழைய லத்தீன் மொழிபெயர்ப்பு. அதை ஆதித் திருச்சபையின் அறிஞர் அகுஸ்தீன் திரும்பத் திரும்ப எடுத்துச் சொல்லியிருக்கிறார். அந்த லத்தீனில் "விசுவாசியாவிட்டால் புரிந்துகொள்ளமாட்டீர்கள்" என்று இருக்கிறது. எபிரெயத்தை ஒட்டிய நம் தமிழ் வேதாகமத்தில் "நிலைபெறமாட்டீர்கள்". இரண்டுமே எனக்கு வேண்டும் என்று தோன்றுகிறது.

வாதம் இதுதான்: எதைவிடப் பெரிதாக ஒன்றை நினைக்கவே முடியாதோ, அவரே கடவுள். "தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்" என்று சங்கீதம் சொல்கிறதே, அந்த மதிகேடனும் இந்தச் சொற்களைக் கேட்டால் புரிந்துகொள்வான். அப்படியானால் அவன் மனதில் அது இருக்கிறது. மனதில் மட்டும் இருப்பதைவிட உண்மையிலும் இருப்பது பெரிது. ஆகவே அது மனதில் மட்டும் இருக்க முடியாது.

இதற்கு ஒரு மறுப்பு வந்தது. எழுதியவர் மார்மூத்தியே மடத்துத் துறவி காவுனிலோ. மதிகேடன் சார்பாக எழுதுவதாகவே அது தலைப்பிடப்பட்டிருக்கிறது. எல்லாத் தீவுகளையும்விடச் சிறந்த ஒரு தீவைப் பற்றி ஒருவன் எனக்குச் சொல்கிறான், எனக்கும் புரிகிறது. அதனால் அந்தத் தீவு எங்கோ இருந்துதான் ஆக வேண்டுமா? காவுனிலோ கடவுளை நம்பியவர், ஜெபிக்கிற துறவி. நம்பாதவன் பக்கம் நின்று நேர்மையாகப் பேசியிருக்கிறார். அன்செல்மின் பதிலும் அதே மரியாதையோடு இருக்கிறது. என்னை மறுப்பவர் மதிகேடன் அல்ல, ஒரு கிறிஸ்தவர். அந்தக் கிறிஸ்தவருக்கே பதில் சொல்கிறேன் என்று தொடங்குகிறார். தீவுக்கு இது பொருந்தாது, எதைவிடப் பெரிதாக எதையும் நினைக்க முடியாதோ அந்த ஒன்றுக்கே பொருந்தும் என்கிறார்.

ஈட்மர் எழுதியிருக்கும் அடுத்த விஷயம்தான் எனக்குப் பெரிது. அந்த மறுப்பைப் படித்து அன்செல்ம் சந்தோஷப்பட்டார், நன்றி சொன்னார். இனி யாராவது என் நூலைப் படி எடுத்தால் அந்த மறுப்பையும் என் பதிலையும் சேர்த்தே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். இன்றைக்கும் பெரும்பாலும் மூன்றையும் ஒன்றாகத்தான் அச்சிடுகிறார்கள். ஒரே தையலில், ஒரே அட்டைக்குள்.

என்னை விசுவாசத்தில் பிடித்து நிறுத்தியது அந்த வாதம் அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்றாம் நூற்றாண்டின் பெரிய இறையியலாளர் தாமஸ் அக்வினாஸே அதை ஏற்கவில்லை. அவர் தன் பெரிய நூலில் ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் எதிர்ப்பக்கத்து வாதங்களைத்தான் வைக்கிறார். கடவுள் இருக்கிறாரா என்ற இடத்தில் அவர் முன்வைக்கும் மறுப்புகள் இரண்டு: உலகில் தீமை இருக்கிறது, உலகத்தை விளக்க இயற்கையே போதும். இன்றைக்கும் நம் பிள்ளைகள் கல்லூரியிலிருந்து கொண்டுவருவது இந்த இரண்டையும்தான். அவற்றைக் கேட்டதும் நாம் ஏன் பதறுகிறோம்?

சுயபுத்தி வசனத்தை நான் இன்றைக்கும் நேசிக்கிறேன். சாயாதே என்றுதான் அது சொல்கிறது, புத்தியைத் தூக்கிப்போடு என்று சொல்லவில்லை. அதற்கு முந்தின அதிகாரத்திலேயே, புத்தியைச் சத்தமிட்டு அழைக்கவும் வெள்ளியைப்போல் நாடவும் சொல்கிறது. ரோமர் 12-இல் பவுல் கேட்பதும் "புத்தியுள்ள ஆராதனை". பதினோரு வயதில் எனக்கு இவற்றையும் சேர்த்து மனப்பாடம் பண்ணச் சொல்லியிருக்கலாம்.

சரி, அந்த பைபிளுக்கு வருகிறேன். பாரங்களைத் தைத்து, மயில்துத்தம் கலந்த மைதாப் பசை போட்டு, ஒரு நாள் காயவிட்டு, கட்டிங் மெஷினில் வைத்தேன். மூன்று பக்கமும் ஒரு நூல் அளவாவது வெட்டினால்தான் ஓரம் சீராக வரும். அளவு வைத்துப் பார்த்தால், அந்தப் பென்சில் வரியில் "எப்படி" என்ற சொல் கத்திக்கு அடியில் வந்தது.

தம்பியைக் கூப்பிட்டு அனுப்பினேன். அவருக்கு அந்த வரியைப் பற்றித் தெரியவே தெரியாது. விரலால் தொட்டும் தொடாமலும் தடவிப் பார்த்தார். "அம்மா யார்கிட்டயும் இதைக் கேட்டதில்லையே" என்றார். அப்புறம், "நீங்க என்ன சொல்வீங்க அண்ணாச்சி?" என்றார்.

ஓரிஜனைப் பற்றிச் சொன்னேன். எனக்கு விளங்கிய வரையில் ஒன்றும் சொன்னேன். அந்த அதிகாரத்தில் சூரியன் என்ற பெயரே வராது, பெரிய சுடர் என்றுதான் இருக்கும். சுற்றியிருந்த ஜனங்கள் சூரியனைக் கும்பிட்ட காலத்தில், அது முதல் அல்ல, நாலாவதாக ஏற்றிவைத்த விளக்கு என்று அங்கே சொல்லப்படுகிறது. அவர் அந்தப் பக்கத்தை எடுத்துப் பதினாறாம் வசனத்தைத் தேடிப் பார்த்தார். "ஆமா, சுடர்னுதான் இருக்கு" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "வெட்டாமலே குடுங்க" என்றார்.

புதுத் தையல், கறுப்புக் காலிகோத் துணி, புது அட்டை. ஓரம் மட்டும் மேடும் பள்ளமுமாகப் பழையபடியே இருக்கிறது.