சட்டி கவிழ்த்த ஆப்பிள்

தலையில் தகரச் சட்டியைத் தொப்பி மாதிரி கவிழ்த்துக்கொண்டு விறைப்பாக முறைக்கும் ஓர் ஆப்பிள். அமெரிக்காவில் இந்தியானா மாநிலத்து ஃபோர்ட் வேன் நகரின் பேஸ்பால் அணிக்கு இதுதான் லோகோ. அணியின் பெயர் டின்கேப்ஸ், அதாவது தகரத் தொப்பிகள். மைனர் லீக், அதாவது பெரிய அணிகளுக்குக் கீழே ஆடும் சின்ன ஊர் அணிகளின் லோகோக்களில் உங்களுக்கு எது பிடிக்கும் என்று கேட்பவர்களுக்கு முதலில் இந்த ஆப்பிளைத்தான் காட்டுவேன்.

ஜான் சாப்மன் என்று ஒருவர் இருந்தார். ஒஹாயோ, இந்தியானா பக்கமெல்லாம் அலைந்து ஆப்பிள் நாற்றங்கால் போட்டவர். ஜனங்கள் அவரை ஜானி ஆப்பிள்சீட் என்று கூப்பிட்டார்கள். சமையல் சட்டியையே தலையில் கவிழ்த்துக்கொண்டு நடப்பார் என்று அவரைப் பற்றி ஒரு கதை உண்டு. 1845இல் ஃபோர்ட் வேனில்தான் இறந்தார். முன்பு டின்கேப்ஸ் அணிக்கு விசார்ட்ஸ் என்று பெயர். மந்திரவாதியை எந்த ஊரிலும் வைத்துக்கொள்ளலாம். 2009இல் புது மைதானத்துக்குப் போனபோது பெயரை மாற்றி, சட்டி போட்ட ஆப்பிளைக் கொண்டுவந்தார்கள். அதை வேறு ஊர் எடுத்துக்கொள்ள முடியாது.

நான் திருப்பூரில் எம்பிராய்டரி பஞ்சிங் செய்கிறவன். ஒரு படத்தைக் கொடுத்தால், ஊசி எங்கே தொடங்கி எப்படிப் போய் எங்கே முடிய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் வழி போட்டுக் கொடுப்பது என் வேலை. அதனால் எந்த லோகோவைப் பார்த்தாலும் இது தொப்பியில் எப்படி உட்காரும் என்றுதான் மனம் முதலில் போகும். மைனர் லீக் லோகோக்கள் மேல் எனக்கு வந்த பிரியம் அப்படி வந்ததுதான்.

இந்த லீக் எப்படி நடக்கிறது என்று தெரிந்தால் லோகோவுக்கு ஏன் இவ்வளவு மெனக்கெடுகிறார்கள் என்பது புரியும். உச்சியில் இருக்கும் மேஜர் லீக்கில் 30 அணிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே நான்கு மைனர் லீக் அணிகள், ஆக 120. (2020 வரை 160 இருந்தன, நிர்வாகத்தை மேஜர் லீக் கையில் எடுத்தபோது நாற்பது ஊர்களுக்கு இடமில்லாமல் போனது. அந்த ஊர்களை நினைத்தால் எனக்கு இன்னும் வருத்தம்தான்.) ஆட்டக்காரர்களை அனுப்புவது, சம்பளம் கொடுப்பது எல்லாம் மேலே இருக்கும் பெரிய அணி. நேற்று ஹோம் ரன் அடித்து ஊரையே எழுந்து நிற்க வைத்தவரை இன்று மேலே கூப்பிட்டுக்கொண்டால் உள்ளூர் முதலாளியால் ஒன்றும் செய்ய முடியாது. ஜெயிப்போம் என்று அவர் ஊருக்கு வாக்குக் கொடுக்கவும் முடியாது. அவர் கையில் இருப்பது மைதானம், டிக்கெட், தின்பண்டம், அப்புறம் அணியின் பெயரும் லோகோவும். வருஷத்துக்கு வருஷம் மாறாமல் ஊரோடு தங்குகிற ஒரே முகம் அந்த லோகோதான். அதனால் அதில் உயிரைக் கொட்டுகிறார்கள்.

சான் டியேகோவில் பிராண்டியோஸ் என்று லோகோ வரையும் ஒரு நிறுவனம். ஜேசன் க்ளைன், கேசி வைட் என்ற பால்ய நண்பர்கள் இருவர் நடத்துவது. ஃபோர்ட் வேன் ஆப்பிள் அவர்கள் கைவண்ணம். பென்சில்வேனியாவில் லீஹை வேலி ஐயன்பிக்ஸ் அணிக்கு இரும்புப் பன்றியைக் கொடுத்ததும் அவர்களே. பெத்லஹேம் ஸ்டீல் கம்பெனி உலை எரித்துக்கொண்டிருந்த வட்டாரம் அது. உலைகள் அணைந்தபின் வந்த அணிக்கு அந்த இரும்பின் ஞாபகத்தையே முகமாக வைத்தார்கள்.

தொப்பியின் முன்பக்கத்தில் எங்களுக்குக் கிடைப்பது சுமார் இரண்டேகால் அங்குல உயரம். நடுவில் மூட்டுத் தையல் வேறு. துணி வளைந்திருக்கும், ஊசி அழுத்தும்போது நகரும். அதனால் கீழிருந்து மேலாக, நடுவிலிருந்து இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு போக வேண்டும். இல்லையென்றால் சுருக்கம் விழும். மெல்லிய கோடு காணாமல் போய்விடும். ஒரு நிறம் இன்னொன்றில் கரைவதெல்லாம் நூலில் சரிவராது. இந்த லோகோக்களில் தடித்த வெளிக்கோடும் தட்டையான நிறங்களும் இருப்பதற்கு இது ஒரு காரணம். வரைகிறவர் தொப்பியை மனதில் வைத்துத்தான் வரைகிறார்.

அலபாமாவின் மாண்ட்கமரி நகரத்து பிஸ்கட்ஸ் அணியைப் பாருங்கள், 2004இல் வந்தது. அங்கே பிஸ்கட் என்பது சூடாக, மெத்தென்று, வெண்ணெய் வைத்துத் தின்கிற பண்டம். அதற்குக் கண்ணும் வாயும் வைத்து, வாயிலிருந்து தொங்கும் நாக்கை ஒரு வெண்ணெய்த் துண்டாக வரைந்திருக்கிறார்கள். அந்த நாக்கைப் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. ஒரே மஞ்சள் நூலைத் தையலின் திசை மாற்றிப் போட்டால் போதும், வெளிச்சம் வேறு மாதிரி விழுந்து வெண்ணெய் மினுமினுக்கும். கூடுதல் நிறமே தேவையில்லை.

அதே அலபாமாவில் ஹன்ட்ஸ்வில்லில் என் அக்கா குடும்பம் இருக்கிறது. நாசாவின் மார்ஷல் விண்வெளி மையம் உள்ள ஊர். பக்கத்து மேடிசன் நகரத்து அணி ராக்கெட் சிட்டி டிராஷ் பாண்டாஸ். குப்பைத் தொட்டியைக் கிளறும் ரக்கூன் என்ற பிராணி, அந்தத் தொட்டியையே ராக்கெட்டாக்கிப் பறக்கிறது. 2020இல் ஆட வேண்டிய அணி. கொரோனாவால் அந்த சீசனே ரத்தாகி, முதல் ஆட்டம் 2021இல்தான் நடந்தது. ஆனால் ஒரு பந்துகூட வீசும் முன்பே தொப்பியும் சட்டையுமாகப் பல லட்சம் டாலருக்கு விற்றுவிட்டது. அக்கா பையன் எனக்கும் ஒன்று கொடுத்தனுப்பினான். வாங்கியதும் உள்பக்கம் திருப்பித் தையலைத்தான் பார்த்தேன். சுத்தமான வேலை.

எல்லாமே எனக்குப் பிடிக்கும் என்றில்லை. கோபமாகப் பல்லைக் காட்டும் மிருகங்கள் ரொம்பப் பெருகிவிட்டன. 2013இல் டெக்சாஸின் எல் பாசோ நகரத்து அணிக்கு சிவாவாஸ் என்று ஒரு நாயினத்தின் பெயரை வைத்தபோது ஊரில் எதிர்ப்பு மனுவே போட்டார்கள். பிறகு அதே உறுமும் நாய் ஊரெல்லாம் தொப்பியில் ஏறியது. சிவாவா பாலைவனத்து ஊர் என்பதால் அது வேர் பிடித்தது என்று நினைக்கிறேன். ஆனால் நியூ ஆர்லியன்ஸில் ஸெஃபர்ஸ் என்றிருந்த அணி 2017இல் பேபி கேக்ஸ் ஆனது. மார்டி கிரா திருவிழா சமயத்து கிங் கேக்கில் ஒளித்து வைக்கும் குட்டிப் பொம்மைக்கு மட்டையைக் கொடுத்து லோகோவாக்கினார்கள். ஊரின் வழக்கத்தை எடுத்தது சரிதான், ஆனால் அந்தக் குழந்தையின் முகத்தில் அன்பே இல்லை. 2019 சீசனோடு அணி விசிட்டா நகரத்துக்குப் போய்விட்டது.

இதையெல்லாம் பார்க்கும்போது நம்ம டிஎன்பிஎல் கிரிக்கெட் அணிகளுக்காக மனம் அடித்துக்கொள்கிறது. பூட்டுக்குப் பேர்போன திண்டுக்கல்லுக்கு டிராகன்ஸ், மாம்பழச் சேலத்துக்கு ஸ்பார்ட்டன்ஸ். ஒரு பூட்டுக்கு முகம் வரைந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்! சாவித்துவாரம் இருக்கிறது, வளைவு இருக்கிறது, தையலுக்கு அப்படிப் பொருந்தும். யாராவது வரைந்தால் பஞ்சிங் நான் சும்மாவே போட்டுத் தருகிறேன்.

அப்படி வரைய உட்காருகிறவர்கள் டென்னசியின் சட்டனூகா லுக்கவுட்ஸ் லோகோவை ஒரு தரம் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். லுக்கவுட் மலையடிவாரத்து ஊர். ஆங்கில ‘சி’ எழுத்து, அதற்கு இரண்டு கண். அவ்வளவுதான். பல் இல்லை, தசை இல்லை, மூன்றடுக்கு வெளிக்கோடு இல்லை. மைதானத்தின் கடைசி வரிசையிலிருந்து பார்த்தாலும் அது எந்த ஊர்த் தொப்பி என்று தெரியும்.