7-ஆம் இடம், 18-ஆம் இடம்

1776 அக்டோபர் 10 அன்று, பிரிட்டனை எதிர்த்துப் போரிட்ட அமெரிக்கக் குடியேற்றங்களின் ஆட்சி மன்றமான கண்டக் காங்கிரஸ் தன் கடற்படைக் கேப்டன்கள் 24 பேரை மூப்பு வரிசைப்படுத்திப் பட்டியல் போட்டது. ஜான் பேரிக்கு 7-ஆம் இடம். ஜான் பால் ஜோன்ஸுக்கு 18. இருவருமே பிழைக்க வந்தவர்கள்தான்: பேரி அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டுக்காரர், ஜோன்ஸ் ஸ்காட்லாந்துக்காரர். இந்தப் பதினோரு படி இடைவெளிக்குக் கடலில் காரணம் தேட வேண்டாம். பிலடெல்பியாவில் யார் எத்தனை வருஷம் குடியிருந்தார், யாருக்கு யாரைத் தெரியும் என்று பார்த்தால் போதும்.

பேரி அங்கே வந்தது 1760 வாக்கில், பதினைந்து வயசுப் பையனாக. கத்தோலிக்கர் நிலம் வாங்கக்கூட முடியாதபடி சட்டம் இருந்த நாட்டிலிருந்து வந்தவருக்கு அந்த நகரம் பெரிய ஆறுதல். அங்கே கத்தோலிக்கர் வெளிப்படையாகப் பூசை காண முடிந்தது. 1766-இல், 21 வயசில், 'பார்படோஸ்' என்ற 60 டன் ஸ்கூனர் (ஒருவகைச் சிறு பாய்மரக் கப்பல்) அவர் கைக்கு வந்தது. மேற்கிந்தியத் தீவுகளுக்குப் போய் வரும் சின்னக் கப்பல்தான். ஆனால் அந்தக் காலத்து வணிகக் கப்பலின் கேப்டன் பாய் விரிப்பதோடு நிற்க முடியாது. தூரத்துத் துறைமுகத்தில் முதலாளியின் சரக்கை விற்று, திரும்பும் சரக்கை வாங்கி, கணக்கு ஒப்பிக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு பயணமும் ஒரு நம்பிக்கைச் சான்று. ஏழெட்டு வருஷம் இப்படிச் சேர்த்த பெயர்தான் அவரை ராபர்ட் மோரிஸ் போன்ற பெரு வணிகர்களின் வட்டத்தில் கொண்டு நிறுத்தியது. வயதான, நோயுற்ற கேப்டன்களுக்கும் அவர்களின் விதவைகளுக்கும் உதவும் கேப்டன்கள் சங்கத்திலும் உறுப்பினரானார். வெளியூரிலிருந்து வந்தவனுக்குச் சங்கச் சந்தா வீண் செலவே அல்ல.

1774-இல் அவருக்குக் கிடைத்தது 'பிளாக் பிரின்ஸ்', பிலடெல்பியாவிலேயே கட்டிய புதுக் கப்பல். 1775-இல் இங்கிலாந்திலிருந்து திரும்பும்போது ஒரே நாளில் 237 கடல் மைல் ஓடியது. அந்த நவம்பரில் காங்கிரஸ் அதை வாங்கி 'ஆல்ஃப்ரட்' என்று பெயர் மாற்றியது.

வணிகக் கப்பலைப் போர்க்கப்பலாக்குவது லேசான வேலையல்ல. சரக்குக் கப்பலின் தளம் கீழ்நோக்கி அழுத்தும் பாரத்தைத் தாங்கவே கட்டியது. பீரங்கி சுட்டதும் பின்னோக்கி உதைக்கும். அந்த அதிர்ச்சியில் பலகை இணைப்பு நெகிழ்ந்து தண்ணீர் கசியத் தொடங்கும். அதனால் முதலில் உத்தரங்களுக்கும் பக்கச் சுவருக்கும் வலு சேர்க்க வேண்டும். அதன் பிறகே சுவரில் பீரங்கித் துளை வெட்டலாம். நீர்மட்டத்துக்குக் கீழே தீப்பொறி அண்டாத வெடிமருந்தறை வேண்டும். மேலே ஏறும் பீரங்கிப் பாரத்தால் கப்பல் தலைகனத்துச் சாயாதபடி அடிப்பாரம் சரிபார்க்க வேண்டும். பாய்மரக் கயிறுகளையும் திருத்திக் கட்ட வேண்டும். 'ஆல்ஃப்ரட்'டின் உடற்பகுதியைக் கப்பல் கட்டுநர் ஜோஷுவா ஹம்ஃப்ரீஸ் பார்த்தார், கயிறு, பாய் வேலையைப் பேரி பார்த்தார். 9 பவுண்டு குண்டு சுடும் பீரங்கி இருபது, 6 பவுண்டு குண்டு சுடும் பீரங்கி பத்து ஏறின. சுமார் 220 பேர் வேண்டியிருந்தது.

பேரி தயார்செய்து கொடுத்த அதே கப்பலில் முதல் லெப்டினன்டாக ஏறியவர்தான் ஜோன்ஸ். 1773-இல் டொபாகோவில் சம்பளத் தகராறில் கலகத் தலைவன் ஒருவனை வாளால் கொன்றுவிட்டு, கையிருப்பையும் விட்டுத் தப்பி வந்தவர். 'ஜோன்ஸ்' என்பதே அதற்குப் பிறகு ஒட்டிக்கொண்ட பெயர். வர்ஜீனியாவில் தையல் தொழில் செய்த அண்ணன் 1774-இல் இறந்துபோனார். சிபாரிசு சொல்ல ஓரிருவர் இருந்தார்கள். ஆனால் தனக்கென்று ஒரு துறைமுகமோ கப்பல் கட்டும் மாகாணமோ இல்லை. பட்டியல் போட்டபோது அதுதான் பார்க்கப்பட்டது. புது ஃபிரிகேட் (வேகமான நடுத்தரப் போர்க்கப்பல்) எங்கே கட்டப்படுகிறதோ, அந்த ஊர்ப் பெரியவர்கள் கைகாட்டிய ஆளே அதன் கேப்டன். ஜோன்ஸ் ஆயுள் முழுக்க இதைப் புலம்பிக் கடிதம் எழுதினார். நியாயம் அவர் பக்கம் இருந்தது. நாவை அடக்கத் தெரியாதவர் என்பதும் உண்மை.

பணக் கணக்கு இப்படி: 1775 விதிப்படி கேப்டனுக்கு மாதம் 32 டாலர், தேர்ந்த மாலுமிக்கு 6 டாலரும் மூன்றில் இரண்டும். உண்மையான வரும்படி எதிரியிடமிருந்து பிடித்த கப்பலை விற்பதில்தான். சரக்குக் கப்பலானால் மூன்றில் ஒரு பங்கு கப்பலோருக்கு, அதில் இருபதில் இரண்டு கேப்டனுக்கு. 12,000 டாலருக்கு விற்றால் 4,000 கப்பலோருக்கு. கேப்டனுக்கு 400, அதாவது ஒரு வருஷச் சம்பளத்துக்கு மேல். அப்படியும் ஆள் சேரவில்லை. அரசு அனுமதியோடு எதிரிக் கப்பல்களைப் பிடிக்கும் தனியார் வேட்டைக் கப்பலில் பங்கு அதிகம், கட்டுப்பாடு குறைவு. 1776 அக்டோபரில் சரக்குக் கப்பலுக்குப் பாதி, போர்க்கப்பலுக்கு முழுவதும் என்று உயர்த்திப் பார்த்தார்கள். காகித டாலரின் மதிப்பு சரியச் சரிய அதுவும் உறைக்கவில்லை.

ஆள் பஞ்சத்தின் விளைவைப் பேரி 1781-இல் நேரடியாகவே அனுபவித்தார். கிடைத்த ஆட்களை ஏற்றிக்கொண்டு ஓடிய அவருடைய 36 பீரங்கிக் கப்பல் 'அலையன்ஸ்' பிரான்சிலிருந்து திரும்பும் வழியில் கலகச் சதி ஒன்று அம்பலமானது. மே மாதக் கடைசியில் காற்று அடங்கிய கடலில் 'அடலான்டா', 'டிரெபாசி' என்ற இரண்டு பிரிட்டிஷ் சிறு போர்க்கப்பல்கள் நீண்ட துடுப்புகளால் நகர்ந்து அலையன்ஸின் பின்புறமாக வந்து நின்றன. பெரிய கப்பலுக்குப் பின்பக்கம்தான் பலவீனம்: பின்னோக்கிச் சுடும் பீரங்கி குறைவு, காற்றில்லாமல் கப்பலைத் திருப்பவும் வழியில்லை. பல சிறு குண்டுகளைச் சேர்த்துச் சுடும் கொத்துக் குண்டு பேரியின் தோளைத் துளைத்தது. சரணடையலாமா என்று கேட்டு வந்த லெப்டினன்டிடம் முடியாது என்றார். சற்றைக்கெல்லாம் காற்று எழுந்தது, அலையன்ஸ் பக்கவாட்டில் திரும்பியது. இரண்டு பிரிட்டிஷ் கப்பல்களும் கொடியிறக்கிச் சரணடைந்தன.

போர் முடிந்து புதுக் கடற்படை அமைந்தபோது அதிபர் வாஷிங்டன் 1797 பிப்ரவரி 22 அன்று பேரியிடம் கொடுத்த நியமனப் பத்திரத்தின் எண் 1. 1803-இல் அவர் இறந்ததும் பிலடெல்பியாவின் செயின்ட் மேரி தேவாலய முற்றத்தில் அடக்கம் செய்தார்கள். ஜோன்ஸ் வேலை தேடி 1788-இல் ரஷ்யாவுக்குப் போனார், 1792-இல் பாரிஸில் இறந்தார். அவருடைய ஈயச் சவப்பெட்டியைத் தேடி எடுப்பதற்குள் 1905 ஆகிவிட்டது. அடக்கம் செய்த இடத்தின் மேல் அதற்குள் கட்டடங்கள் எழும்பியிருந்தன.