ஒரே ஒரு வரியைத்தான் மாற்றினேன்

பிறர் எழுதும் பதிவுகளைப் படித்துப் புகார் பார்ப்பதுதான் என் வேலை. விவாதத் தளம் என்றால் சண்டை இருக்கும், சண்டை இருந்தால் புகார் வரும். சேர்ந்த புதிதில் எனக்கு ஒரு பெருமை: நான் லேசில் எதையும் நீக்க மாட்டேன், பதமாக்கி விட்டுவிடுவேன். எழுதியவருக்கும் மனக்குறை இல்லை, எதிராளிக்கும் காயம் இல்லை என்று கணக்கு.

ஒருவர் ஒரு பயிற்சி நிறுவனத்தைப் பற்றி எழுதியிருந்தார். பணம் கட்டினாராம், வகுப்பு பாதியில் நின்றதாம், கேட்டால் பதில் இல்லையாம். கடைசி வரி: “இவங்க எல்லாம் திருட்டுக் கும்பல்.” அந்த வரியை மட்டும் எடுத்துவிட்டு, “இவர்களை நம்பிப் பணம் கட்ட வேண்டாம்” என்று போட்டேன். நாகரிகமாக இருந்தது.

இரண்டு மாதம் கழித்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. இணைப்பில் ஸ்கிரீன்ஷாட். அதில் மஞ்சள் பூசியிருந்தது ஒரே ஒரு வரி, என்னுடைய வரி.

எங்கள் வழக்கறிஞர் பதிவின் திருத்த வரலாற்றைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார்.

“இந்த வரி யாரோடது?”

“பயனர் எழுதினதுதான் மேடம். நான் கொஞ்சம்...”

“கொஞ்சம்னா?”

திருட்டுக் கும்பல் என்பது வயிற்றெரிச்சலில் வந்த வசவு, அதை யாரும் அப்படியே எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றாவது வாதாடிப் பார்க்கலாம். பணம் கட்டாதீர்கள் என்பதோ நிதானமாகச் சொன்ன அறிவுரை; தளமே சொல்வதுபோல் தொனிக்கிறது என்றார் அவர். பதமாக்குவதாக நினைத்துக் கூர் தீட்டியிருக்கிறேன்.

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 79ஆவது பிரிவை அன்றுதான் ஒழுங்காகப் படித்தேன். பிறர் பதிவுக்குத் தளம் பொறுப்பாகாது. ஆனால் அந்தப் பாதுகாப்பு வேண்டுமென்றால், அனுப்புவதைத் தொடங்கியது தளமாக இருக்கக் கூடாது, யாருக்குப் போக வேண்டும் என்று அது தீர்மானித்திருக்கக் கூடாது, உள்ளடக்கத்தைத் தேர்ந்தெடுக்கவோ மாற்றவோ கூடாது. அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2021 விதிகளின்படி, விதிக்குப் புறம்பானதைத் தளம் தானாக முன்வந்து நீக்கினாலும் பாதுகாப்பு போகாது. திருத்துவதற்கு அப்படியொரு சலுகை எதுவும் கண்ணில் படவில்லை. நான் கருணை என்று நினைத்துச் செய்தது, சட்டத்தின் கண்ணில் கைவைப்பது.

இந்தக் குழப்பம் எனக்கு மட்டும் வந்ததில்லை. 1991இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று, கம்ப்யூசர்வ் என்ற ஆன்லைன் சேவை நிறுவனத்தை அதில் பிறர் எழுதியதற்குப் பொறுப்பாக்க மறுத்தது. அது எதையும் படித்துப் பார்ப்பதில்லை, ஆகவே புத்தகக் கடை மாதிரி என்றது. 1995இல் அதேபோன்ற இன்னொரு சேவையான பிராடிஜி மாட்டிக்கொண்டது. ஆபாசத்தை வடிகட்டினாயே, அப்படியென்றால் நீ வெளியீட்டாளர் என்று தீர்ப்பு. துடைப்பம் எடுத்தவனுக்குத்தான் அபராதம்! வழக்குப் போட்டது ஸ்ட்ராட்டன் ஓக்மாண்ட் என்ற பங்குத் தரகு நிறுவனம். அதைப் பெயர் தெரியாத யாரோ பிராடிஜியில் மோசடி என்று எழுதியதுதான் வினை. சில ஆண்டுகளில் அதன் தலைவர்களே மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார்கள் என்பது தனிக் கதை. அந்தத் தீர்ப்பின் கோணலைச் சரிசெய்யத்தான் 1996இல், பிறர் எழுதியதற்குத் தளத்தை வெளியீட்டாளராகக் கருதக் கூடாது என்னும் அமெரிக்கச் சட்டத்தின் 230ஆவது பிரிவு வந்தது.

ஐரோப்பாவில் வேறு பாடம். எஸ்தோனியாவின் டெல்ஃபி செய்தித் தளத்தில் வசவுச் சொல் வடிகட்டியும் இருந்தது, புகார் பட்டனும் இருந்தது. புகார் வந்த அன்றைக்கே கருத்துகளை நீக்கினார்கள். ஆனால் அவை ஆறு வாரம் அங்கேயே கிடந்திருந்தன. பொறுப்பு உண்டு என்ற தீர்ப்பை 2015இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றமும் ஏற்றது. இழப்பீடு வெறும் 320 யூரோ. தொகையைப் பார்த்துச் சிரித்தேன். பிறகு எங்கள் வரிசையில் எத்தனை பதிவுகள் காத்துக் கிடக்கின்றன என்று பார்த்தேன்.

எங்கள் விஷயம் நீதிமன்றம் வரை போகவில்லை. பதிவையே தூக்கிவிட்டோம். சட்டவிரோதமான பதிவை அறிந்த பிறகும் நீக்காவிட்டால்தான் தளத்தின் பாதுகாப்பு போகும்; நம் உச்ச நீதிமன்றத்தின் 2015 ஸ்ரேயா சிங்கால் தீர்ப்பின்படி, நீதிமன்ற உத்தரவோ அரசின் அறிவிப்போ வந்தால்தான் தளம் ‘அறிந்ததாக’ ஆகும். ஒரு தனியார் நோட்டீசுக்கே நீக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் மாற்றியது நானாயிற்றே, எந்த முகத்தோடு அந்தத் தீர்ப்பைக் காட்டுவது? பணத்தை இழந்தவர் எழுதிக் கேட்டார்: “நான் எழுதினதுல எது பொய்?” என்னிடம் பதில் இல்லை. வழக்கமான நான்கு வரிப் பதிலை அனுப்பினேன். அதைத்தான் இன்னும் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அடுத்த வாரமே எங்கள் திரையிலிருந்து ‘திருத்து’ பட்டனை எடுத்துவிட்டார்கள். எழுத்துப்பிழையைச் சரிசெய்வதால் மட்டும் பாதுகாப்பு போய்விடாது என்று 2008இல் ஒரு அமெரிக்க நீதிமன்றம் சொல்லியிருக்கிறது; ‘திருடவில்லை’ என்பதில் அந்த ‘இல்லை’யை எடுத்தால்தான் வம்பாம். வழக்கறிஞரிடம் காட்டினேன். “அது அங்க” என்று முடித்துக்கொண்டார்.

நேற்று ஒருவர் ஒரு நிறுவனத்தைப் பாராட்டி எழுதியிருந்தார்: “இந்த நிர்வாகத்தின் கொள்ளை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.” கொள்கைதான், விரல் வழுக்கிவிட்டது. நான் அதைத் தொட முடியாது. தயவுசெய்து ஒரு எழுத்தைப் பாருங்கள் என்று அவருக்கே எழுதிவிட்டு, பதில் வருமா என்று காத்திருக்கிறேன்.