நாலு அடுக்கு குறைந்த புது போட்

நாகப்பட்டினம் பக்கத்துக் கரை எங்களுடையது. புதிதாக வாங்கிய 30 அடி ஃபைபர் போட்டைக் கடலில் இறக்கிய கொஞ்ச நாளிலேயே அதன் குறைகள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. கட்டிக்கொடுத்த கம்பெனியிடம் மல்லுக்கட்டிப் பெரும்பகுதியைச் சரிசெய்து வாங்கிவிட்டோம். கம்பெனியின் பெயரை எழுதப்போவதில்லை. ஆனால் எப்படிக் கண்டுபிடித்தோம், எதைக் காட்டிப் பேசினோம் என்பது புது போட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர்களுக்குக் கட்டாயம் பயன்படும்.

2004 சுனாமிக்குப் பிறகுதான் எங்கள் கரையில் கட்டுமரம் குறைந்து ஃபைபர் பெருகியது. மரம் என்றால் தட்டிப் பார்த்து, கணு பார்த்து, வாங்குகிறவனே தரம் சொல்லிவிடலாம். ஃபைபரில் அது முடியாது. வெளியே ஜெல்கோட் என்ற மேற்பூச்சு கண்ணாடியாக மினுக்கும், உள்ளே பெயிண்ட் மூடியிருக்கும். கண்ணாடி இழையை ரெசின் என்ற பிசினில் தோய்த்து அடுக்கடுக்காக ஒட்டித்தான் ஃபைபர் கட்டுகிறார்கள். நடுவில் எத்தனை அடுக்கு போட்டார்கள் என்பது கட்டினவருக்குத்தான் தெரியும். அதனால்தான் மாமா கொட்டேஷனிலேயே அடுக்குக் கணக்கை எழுதச் சொன்னார். அடிப்பகுதிக்கு சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் (சிறு இழைகளாலான விரிப்பு) 6 அடுக்கு, 600 கிராம் ரோவிங் (இழையில் நெய்த துணி) 4 அடுக்கு, மொத்தக் கனம் 10 மில்லிமீட்டர். அணியத்திலும் (முன்பக்கம்) அமரத்திலும் (பின்பக்கம்) உள்ள காற்றறைகளுக்குள் பியூ ஃபோம், அதாவது பொங்கி இறுகும் பாலியூரித்தேன் நுரை. ஃபோம் வைத்த ஐஸ் பெட்டி. தண்ணீர் இறைக்க ஒரு பம்பு. எல்லாம் எழுதி, கம்பெனிக்காரர் கையெழுத்துப் போட்ட தாள் எங்களிடம் இருந்தது. பின்னால் நடந்த அத்தனைக்கும் அந்தத் தாள்தான் பிடி.

முதலில் கால் சொன்னது. எஞ்சின் ஓட்டத்தில் எதிர் அலை மோதும்போது, இரண்டு வங்குகளுக்கு (குறுக்குச் சட்டங்களுக்கு) நடுவில் நின்றால் அடிப்பக்கம் உள்ளே எழும்பித் தணிவது பாதத்தில் தெரிந்தது. ஃபைபர் கொஞ்சம் வளையும், அது தப்பில்லை. இது அந்த அளவு இல்லை. அடுத்து எஞ்சினைத் தாங்கும் கட்டையின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல் கண்டது. ஐஸ் பெட்டிக்கு வெறும் ஒற்றைச் சுவர்தான், நடுவில் ஃபோம் இல்லை. வெயில் ஏறுவதற்குள் ஐஸ் கரைந்து மீன் தண்ணீரில் மிதந்தது. ஏலத்தில் அந்த மீனுக்கு என்ன விலை விழும் என்று கடலுக்குப் போகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பம்பு வைக்கவே இல்லை.

கரையில் ஏற்றி, மாமா ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்து அடிப்பக்கம் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். நன்றாக ஒட்டிய இடத்தில் ‘ணங்’ என்று கேட்கும். உள்ளே காற்று சிக்கியிருந்தாலோ அடுக்கு பிரிந்திருந்தாலோ ‘தொப்’ என்று விழும். தொப்பென்று கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட்டோம். ஏராவை (அடியில் நடுவே நீளமாக ஓடும் முதுகெலும்பை) ஒட்டி ஒரு பக்கம் மட்டும் வட்டங்கள் நெருக்கமாக வந்தன. ரோலரை அழுத்தி உருட்டிக் காற்றை வெளியேற்றாமல் அவசரத்தில் போட்ட வேலை அது.

ஆனால் சத்தத்தை வைத்துக்கொண்டு யாரிடமும் வழக்குப் பேச முடியாது. கையில் சாட்சி வேண்டும்.   தண்ணீர் வடிக்கும் தக்கைக்கென்று அடிப்பகுதியில் எப்படியும் துளைக்க வேண்டியிருந்த இடத்தில், வட்டமாக அறுக்கும் ஹோல்சா வைத்து வெட்டச் சொன்னார் மாமா. வெளியே வந்த வில்லையைக் கழுவி, கனம் அளக்கும் வெர்னியரில் வைத்தால் 6½ மில்லிமீட்டர்கூட முழுசாக இல்லை.

அதன் பிறகு செய்ததைத்தான் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும். வில்லையைப் பாதியாக அறுத்து ஒரு பாதியைப் பத்திரப்படுத்தினோம். மறு பாதியை வெட்டவெளியில், காற்றுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டினோம். ரெசின் கரும்புகையோடு எரிந்து போகும், கண்ணாடி இழை எரியாது. முழுசாக எரிந்து ஆறியதும் வெள்ளை அடுக்குகள் மட்டும் மிஞ்சின. ஊசியால் ஒவ்வொன்றாகப் பிரித்துத் தாளில் வைத்தோம். மேட் பஞ்சாகச் சிதறும். ரோவிங் நெய்த துணி, கட்டம் கட்டமாக அப்படியே நிற்கும். மேட் 5, ரோவிங் 1. பத்து அடுக்குக்குக் காசு வாங்கிக்கொண்டு ஆறு போட்டிருக்கிறார்கள். படகுக்கு இழுவைத் தாங்கும் பலத்தைக் கொடுப்பதே ரோவிங்தான். அதில்தான் மூன்றைக் குறைத்திருந்தார்கள். எல்லாவற்றையும் வீடியோ எடுத்துக்கொண்டோம்.

எனக்கு அடுக்கைவிட ஆத்திரம் வந்தது அணியத்து அறையைத் திறந்தபோது. பியூ ஃபோம் என்று எழுதிய இடத்தில் தெர்மாகோல் துண்டுகளை அள்ளிப் போட்டு மேலே மூடியிருந்தார்கள். ரெசின் பட்டால் தெர்மாகோல் கரைந்துவிடும். அதனால் அது எதோடும் ஒட்டாமல் சும்மா கிடக்கும். இடுக்கெல்லாம் தண்ணீர் புகும், மூடி உடைந்தால் துண்டுகள் மிதந்து வெளியே போய்விடும். கட்டுமரம் கவிழ்ந்தாலும் மூழ்காது, பிடித்துக்கொண்டு கிடக்கலாம். ஃபைபர் தண்ணீரைவிடக் கனமானது, கூடவே எஞ்சின். உள்ளே நீர் நிறைந்தால் அதை மிதக்க வைப்பது அந்த அறைகள் மட்டும்தான். இதில் மிச்சம் பிடித்த காசு நாலைந்து பேருடைய உயிரில் பிடித்த காசு.

கம்பெனிக்காரரிடம் போனோம். “அண்ணே, எல்லாருக்கும் இப்படித்தான் போட்டுக் குடுக்குறோம். இதுவரைக்கும் ஒருத்தரும் கேட்டதில்ல” என்றார். “ஒருத்தரும் கேக்கலேங்குறது ஒங்களுக்கு நல்ல பேரு இல்லியே” என்று சொல்லிவிட்டு மாமா அடுக்குகள் இருந்த தாளை மேசையில் விரித்தார். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “கடல்ல ஓட்டுன போட்டத் திருப்பி எடுக்க முடியாது” என்றார். எங்கள் ஊர்ப் பஞ்சாயத்தார் பேசியும் அசையவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பினோம். தொழிலுக்கு வாங்கிய பொருள், நுகர்வோர் சட்டம் செல்லாது என்று பதில் வந்தது.

பலபேர் இந்த இடத்தில்தான் பயந்து விட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் 2(7) பிரிவின் விளக்கத்தைப் படியுங்கள். சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் அதில் வணிக நோக்கமாகக் கருதப்படாது. தானே கடலுக்குப் போகிற மீனவர் தாராளமாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 2 வருடத்துக்குள் போக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமும் கிடையாது. பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிப் பார்க்கவும் ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. மிச்சம் வைத்த பாதி வில்லை அதற்குத்தான். வக்கீல் இதையெல்லாம் எழுதி இரண்டாவது கடிதம் போட்டார். கம்பெனியிலிருந்து போன் வந்தது, போட்டைக் கொண்டுவரச் சொல்லி.

அங்கேயும் கம்பெனிக்காரர்கள் குறுக்குவழியை விடவில்லை. உள்பக்கத்துப் பெயிண்டின் மேலேயே மேட்டை ஒட்டிவிடப் பார்த்தார்கள். ஒருமுறை இறுகிய ஃபைபரில் புது அடுக்கு தானாகப் பிணையாது. பெயிண்ட் முழுவதையும் தேய்த்தெடுத்து, இழை கண்ணுக்குத் தெரியும்வரை கிரைண்டர் ஓட்டி, நன்றாகக் காயவிட்டு, தூசி நீக்கி, அசிட்டோனில் துடைத்த பிறகுதான் ரெசின் தடவ வேண்டும். ஈரத்தில் போட்டால் உரிந்து வந்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன்னால் வேலை முடிய வேண்டும் என்பதற்காக நானும் மாமாவும் மாறி மாறி அந்தக் கொட்டகையிலேயே இருந்தோம். ஒவ்வொரு அடுக்கு போடும்போதும் படம் எடுத்தோம். சாக்பீஸ் வட்டம் இருந்த இடங்களை அறுத்துத் திறந்து நிரப்பினார்கள். அறைகளில் பியூ ஃபோமைக் கலக்கி ஊற்றியபோது அது பொங்கி மூலை முடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டதை நானே நின்று பார்த்தேன். வேலைக்கு நின்ற பையன்கள் நல்ல கைகாரர்கள். சாமான் கொடுத்தால் ஒழுங்காகச் செய்கிறார்கள். குறை அவர்களிடம் இல்லை.

இப்போது அடிப்பக்கம் காலுக்கு உறுதியாக இருக்கிறது. உள்ளே கூடுதல் அடுக்கு ஏறியதால் கொஞ்சம் கனம் கூடி, டீசல் முன்பைவிடச் சற்று அதிகம் இழுக்கிறது. எஞ்சின் கட்டையை மாற்றிக் கொடுத்துவிட்டார்கள், பம்பும் வந்தது. ஐஸ் பெட்டியை மட்டும் அவர்கள் தொடவில்லை. வெளியே ஆள் வைத்து ஃபோம் வைத்துக் கட்டிக்கொண்டோம். அந்த பில்லைக் கம்பெனிக்கு அனுப்பியிருக்கிறோம். பணம் இன்னும் வரவில்லை. 2 வருடக் கெடு முடிய நாள் இருக்கிறது, மனுவை வக்கீல் தயாராக வைத்திருக்கிறார்.