கிளினிக் கார்டை நானும் வாசிக்கப் பழகின கதை

எங்கட பக்கம் கல்யாணம் முடிச்சா ஆம்பிளைதான் பொஞ்சாதி வீட்ட போய் இரிக்கிறது, எனக்கு மட்டக்களப்பில கொக்கட்டிச்சோலைப் பக்கம். அதால என்ட பொஞ்சாதி உண்டாகி இரிக்கா எண்டு தெரிஞ்ச நாளில இருந்தே மாமியும் பெத்தாவும் (அம்மம்மா) எல்லாத்தையும் கையில எடுத்திட்டாங்க. நான் கேட்ட சாமான வாங்கிக் குடுக்கிறதோட சரி.

கிளினிக்குக்கு பைக்கில ஏத்திப் போவன், ஆனா உள்ள போறல்ல. எல்லா ஆம்பிளையளும் மரத்துக்குக் கீழ நிண்டு போன் பாத்திட்டு இரிப்பாங்க, நானும் அப்பிடித்தான். நாலாம் மாசம் ஒரு நாள் மிட்வைஃப் மிஸ் வெளியால வந்து "தம்பியாக்கள், வகுப்பு உங்களுக்கும் சேத்துத்தான், உள்ள வாங்க" எண்டா. மூண்டு பேர்தான் போனம்.

அண்டைக்குத்தான் பொஞ்சாதிட கிளினிக் கார்டை முதல்முதலா விரிச்சுப் பாத்தன். நிறை, பிரஷர், ரத்த வகை எல்லாம் வரிசையா எழுதியிரிக்கு. ஹீமோகுளோபின் 9.8, ஆகக் குறைஞ்சது 11 ஆவது இரிக்கணும் எண்டு மிஸ் சொன்னா, இரும்புக் குளிசை ஒழுங்கா போடுறியா எண்டு கேட்க இவ தலையக் குனிஞ்சிட்டா. போட்டா சத்தி வருதாம், மலச்சிக்கலாம், ஒண்டவிட்டு ஒருநாள்தான் போட்டிரிக்கா, அதையும் தேத்தண்ணியோட. தேத்தண்ணி இரும்புச்சத்தை உடம்பில சேர விடாது, கல்சியம் குளிசையையும் அதோட சேத்துப் போடக்கூடாது எண்டு அங்கதான் எனக்குத் தெரியும். ஒரே அறையில படுக்கிற எனக்கு இது இவ்வளவு நாளும் தெரியாம இருந்தது எண்டது நெஞ்சில குத்திச்சு.

மறுகா குளிசை என்ட பொறுப்பு. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கல்சியம், கடையில நிண்டாலும் கோல் எடுத்து ஞாபகப்படுத்துவன். ராவைக்கு படுக்க முதல் இரும்புக் குளிசை, அதோட தேசிக்காய்த் தண்ணி நானே கரைச்சுக் குடுப்பன். பெத்தா "இதெல்லாம் ஆம்பிளை செய்யிற வேலையா மனே" எண்டு கேட்டா, நான் ஒண்டும் சொல்லல்ல. ஏழாம் மாசம் பாக்கக்குள்ள ஹீமோகுளோபின் 11.2.

அடுத்தது மழை. எங்களுக்கு புள்ள கிடைக்க நாள் குறிச்சது மார்கழிக் கடைசி. படுவான்கரையில, அதான் வாவிக்கு மேற்கால உள்ள எங்கட பக்கம், அந்த மாசம் எப்பிடி இரிக்கும் எண்டு இஞ்ச உள்ள ஆக்களுக்கு சொல்லத் தேவையில்ல, மண்முனைப் பாலம் இரிக்குதான், ஆனா வீட்டில இருந்து பாலத்துக்கு வந்து சேரணுமே, உள் ரோட்டெல்லாம் முழங்கால் தண்ணி. அதால வெள்ளனவே கல்லடியில எங்கட அம்மா வீட்ட கொண்டு போவம் எண்டன். மாமிக்கு கோபம், தலைப்புள்ள தாய் வீட்டிலதான் எண்டு ரெண்டு கிழமை முகம் குடுத்துக் கதைக்கல்ல. கடைசியா மாமியும் கூட வாறது எண்டு முடிவாகி 35 கிழமையில எல்லாரும் கல்லடிக்கு வந்திட்டம். 1990 அம்புலன்ஸ் நம்பரையும் எல்லார்ட போன்லயும் போட்டு வெச்சன்.

36ஆவது கிழமை, ஒரு நாள் அந்திக்கு கடையால வந்து வழமை போல வயித்துப் புள்ளைட அசைவு எண்ணுற கார்டைப் பாத்தன். காலம 9 மணியில இருந்து ராவு 9க்குள்ள 10 அசைவு வரணும், மற்ற நாளெல்லாம் பகலைக்கு முதலே 10 ஆகிரும். அண்டைக்கு 7 மணியாகியும் நாலு கோடுதான். மாமி "புள்ள நித்திரை கொள்ளுதாக்கும், சீனி போட்டுத் தேத்தண்ணி குடிச்சா அசையும், விடியட்டும் மகன்" எண்டா. மாமியும் நாலு பெத்தவதான், அவ சொல்லை தட்டவும் ஏலாம இருந்திச்சு. ஆனா மிஸ் வகுப்பில சொன்னது காதில கேட்டுக்கொண்டே இருந்திச்சு, குறையுது எண்டு மனசுக்குப் பட்டா 12 மணித்தியாலம் முடியும் வரைக்கும் காத்திரிக்காதீங்க எண்டது. இவட முகத்தைப் பாத்தன், அவளுக்கும் பயம். ஆட்டோ பிடிச்சு நேர ஆசுபத்திரி.

இதயத்துடிப்பு பாக்கிற மெசின் போட்டாங்க, துடிப்பு இரிக்கு எண்டு கேட்டாப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்திச்சு. ஸ்கான்ல புள்ளையச் சுத்தி தண்ணி குறைஞ்சு போய் இரிக்கு எண்டாங்க, வோட்டில மறிச்சிட்டாங்க. 37 கிழமை ஆனதும் பேறு வலி வரப்பண்ண மருந்து வெச்சாங்க. பேறு அறைக்குள்ள ஆம்பிளையள விடல்ல, மாமிதான் போனா. ஒன்பது மாசமும் கூடவே வந்திட்டு அந்தக் கடைசி வாசல்ல நிண்டது எனக்கு இப்பயும் கவலைதான், இது மாறணும்.

பொம்புளப் புள்ள, 2.6 கிலோ.

லீவு விசயமும் சொல்லணும். கவுண்மென்ட் வேலை ஆம்பிளைக்கு 3 நாளாவது இரிக்கு, என்னைப் போல கடையில நிக்கிறவனுக்கு சட்டத்தில ஒரு நாளும் இல்ல, கிளினிக் போன நாளெல்லாம் சம்பளத்தில வெட்டுத்தான். வெட்டினாலும் பரவாயில்ல எண்டுதான் போனன். வாற வியாழன் மகளுக்கு 2 மாசத் தடுப்பூசி, அதுக்கும் முதலாளியிட்ட சொல்லி வெச்சிட்டன்.