எட்டே எட்டுக் கேள்விதான், அதற்கு இத்தனை அலைச்சல்

போன டிசம்பர் பள்ளி விடுமுறை. கோலாலம்பூரிலிருந்து சிங்கப்பூருக்குக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். யோங் பெங் தாண்டியதும் முன்னால் போன லாரியின் டயர் வெடித்தது. எங்கள் கார் தடுப்பில் மோதி நின்றது. மனைவிக்கு வலது கை முறிவு, எனக்கு நெற்றியில் நான்கு தையல். பின்னால் உட்கார்ந்திருந்த மகனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. நலம் விசாரிக்க வந்தவர்கள் எல்லாரும் "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகலையே, அது போதும்" என்றார்கள். நாங்களும் அதையே சொல்லிக்கொண்டு இரண்டு மாதத்தை ஓட்டிவிட்டோம்.

அவன் இப்போது தொடக்கநிலை மூன்று. ஜனவரியில் பள்ளி திறந்ததும் காலையில் வயிற்றுவலி ஆரம்பித்தது, அதுவும் பள்ளிப் பேருந்து வரும் நேரத்துக்குச் சரியாக. பக்கத்து கிளினிக்கில் மூன்று முறை மருந்து வாங்கினோம். அப்புறம் வகுப்பாசிரியர் அழைத்தார். பாடத்தில் கவனமில்லை, கதவு சாத்தினால்கூடத் தூக்கிவாரிப் போடுகிறது, கவனக்குறைவுப் பிரச்சினையா என்று பார்த்துவிடுங்கள் என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது. விபத்து நடந்ததையே நாங்கள் பள்ளியில் சொல்லவில்லை. பயந்துபோன பிள்ளைக்கும் கவனம் சிதறும், துறுதுறுப்பு வரும், வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும் என்பதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வீட்டில் அவன் சோபா ஓரத்தில் பொம்மை லாரியை உருட்டி உருட்டிச் சுவரில் மோதவிட்டுக்கொண்டிருந்தான். தினமும் அதே ஆட்டம், அதே மோதல். நான் அதை விளையாட்டு என்றே நினைத்தேன்.

கிளினிக் டாக்டர் கடிதம் கொடுத்தார். மருத்துவமனைக்குத் தொலைபேசியில் கேட்டால், அந்தக் கடிதத்தோடு வந்தால் தனியார் நோயாளிக் கட்டணம், சலுகைக் கட்டணம் வேண்டுமென்றால் பலதுறை மருந்தகம், அதாவது அரசாங்க பாலிகிளினிக் வழியாக வாருங்கள் என்றார்கள். இதை முன்பே யாராவது சொல்லியிருந்தால் ஒரு அரைநாள் விடுப்பு மிஞ்சியிருக்கும். பலதுறை மருந்தகத்தில் சிக்கலில்லை. பரிந்துரை கிடைத்தது, மருத்துவமனைத் தேதிக்குச் சில வாரம் காத்திருந்தோம்.

அங்கேதான் கோட்டைவிட்டோம். ஓர் இளம் ஊழியர் ஒற்றைத்தாள் படிவத்தை நீட்டி, "அப்பா உதவி செய்யலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கிரைஸ்-8 என்று அதற்குப் பெயர். விபத்து போன்ற சம்பவத்தின் அதிர்ச்சி பிள்ளையின் மனத்தில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்று பார்ப்பதற்கான படிவம். எட்டு வயதும் அதற்கு மேலும் ஆன பிள்ளைகளுக்கானது. கடந்த ஏழு நாளில் நடந்ததை வைத்துப் பதில் சொல்ல வேண்டும். நினைக்க விரும்பாதபோதும் அது நினைவுக்கு வருகிறதா, அதைப் பற்றிப் பேசாமல் தவிர்க்கிறாயா என்ற மாதிரி எட்டுக் கேள்விகள். இல்லை என்றால் 0, அரிதாக 1, சில சமயம் 3, அடிக்கடி 5. கூட்டுத்தொகை 17ஐத் தொட்டால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும்.

நான் ஒவ்வொரு கேள்வியையும் வாசித்தேன். அவன் தாளைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்தான். "இல்லதானே?" என்று நானே எடுத்துக்கொடுத்தேன். மொத்தம் 6. எல்லைக்குக் கீழே இருக்கிறது, பிரச்சினை தொடர்ந்தால் வாருங்கள் என்று பத்து நிமிடத்தில் அனுப்பிவிட்டார்கள். திரும்பி வந்து, நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது சரியா என்று முகப்பில் கேட்டேன். "படிவம் முடிந்துவிட்டது சார்" என்பதுதான் பதில்.

வீட்டுக்கு வந்து என் அம்மாவிடம் சொன்னேன். அவரும் மகனும் ஒரே அறையில் படுப்பவர்கள். "ராத்திரி மூணு தடவை எழுந்து உக்கார்றானே, அதை யாருப்பா கேட்டாங்க?" என்றார். கேட்டிருந்தாலும் எனக்குத் தெரியாது. கொஞ்சம் தயங்கிவிட்டு இன்னொன்றும் சொன்னார்: "உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு சொல்லியிருக்கான். அப்பாதான் கார் ஓட்டினாரு, சொன்னா அப்பா அழுவாருன்னு."

அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

மறுநாள் பள்ளி ஆலோசகருக்கு எழுதினேன். இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். அவர் மகனைத் தனியாக அழைத்து, விபத்தைப் பற்றித் தெரியும் என்று முதலில் சொல்லிவிட்டு, அதே படிவத்தை அவன் கையிலேயே கொடுத்திருக்கிறார். இந்த முறை 27. ஒரே பிள்ளை, ஒரே படிவம், நடுவில் மூன்றே வாரம். என் நாற்காலி மட்டும் அந்த அறையில் இல்லை.

அங்கிருந்து ரீச் குழுவுக்குப் போனது. பள்ளிகளோடு சேர்ந்து வேலை செய்யும் மனநலக் குழு இது, 2007லிருந்து இருக்கிறது. எனக்கு இந்த வருடம்தான் தெரியும். பெற்றோர் கையொப்பம் கேட்டார்கள், போட்டேன். உளவியலாளர் அவனிடம் தனியாக, எங்களிடம் தனியாக, அம்மாவிடம் தமிழிலேயே தனியாகப் பேசினார். அம்மா ஒரு மணி நேரம் விடாமல் பேசிவிட்டு வெளியே வந்து, "நல்ல பொண்ணு, எல்லாத்தையும் எழுதிக்கிட்டா" என்றார். பிள்ளையைப் பற்றிய தகவலில் பாதி அவரிடமிருந்துதான் போயிருக்கிறது.

அந்த உளவியலாளர் சொன்னதில் இரண்டை எழுதிவைத்திருக்கிறேன். படிவத்தில் வரும் எண் சல்லடை மாதிரி, அதை வைத்து நோய் என்று முடிவு கட்டக்கூடாது, அதற்கு நேர்முக விசாரணை வேண்டும். சம்பவம் நடந்த முதல் மாதத்தில் பல பிள்ளைகள் இப்படித்தான் இருப்பார்கள், பெரும்பாலும் தானாக அடங்கும், ஒரு மாதம் தாண்டியும் நீடித்தால்தான் பிடிஎஸ்டி, அதாவது அதிர்ச்சிக்குப் பிந்தைய மனநலக் கோளாறு என்ற பேச்சே எழும். எங்களுக்கு நான்கு மாதம் ஆகியிருந்தது.

கிரைஸ் படிவம் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. இறக்கி வைத்துக்கொண்டு வீட்டில் பிள்ளையை உட்காரவைத்துப் பரீட்சை நடத்திவிடாதீர்கள். நான் நடத்தியதே போதும். மருத்துவமனையில் படிவத்தை நீட்டினால், "அவனே தனியாக நிரப்பட்டும், நான் வெளியே இருக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். தாத்தா, பாட்டி, பணிப்பெண் என்று இரவில் யார் கூட இருக்கிறார்களோ அவர்களையும் கூட்டிப்போங்கள். ஆங்கிலம் தெரியாதே என்று வீட்டில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

பிடிஎஸ்டிதான் என்று உறுதியாகி, அதிர்ச்சியை மையமாக வைத்த சிந்தனை, நடத்தைச் சிகிச்சை நடக்கிறது. ஆறு அமர்வு முடிந்துவிட்டது. போன வாரம் என் அம்மாவோடு டாக்சியில் தேக்கா போய் வந்திருக்கிறான். பாதி வழி கண்ணை மூடிக்கொண்டிருந்தானாம், ஆனால் இறங்கவேண்டும் என்று கேட்கவில்லையாம். இதுவும் அம்மா சொல்லித்தான் தெரியும்.

வியாழக்கிழமை அடுத்த அமர்வு. கடைசிப் பத்து நிமிடம் மட்டும் என்னை உள்ளே கூப்பிடுவார்கள். அதுவரைக்கும் எனக்கு வெளியே பெஞ்சுதான்.